இஸ்தான்புல் லேபிளும் புருல்சா பேரும்

புருல்சாவைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுன்னா எனக்கு ஒண்ணுதான் தேறும். அவளுக்குத் துணி வெட்டத் தெரியும். மத்தபடி அந்த வாய்க்கும் அந்தத் திமிருக்கும் வக்காலத்து வாங்க நான் தயாரா இல்ல. பிஷ்கேக்ல அவ தையல் பட்டறையில பதினோரு வருஷமா லேபிள் தைக்கிறது என் வேலை. கழுத்துக்குப் பின்னால, சின்னதா, நாலு மூலையும் படியிற மாதிரி தைக்கணும். அந்த லேபிள்ல 'இஸ்தான்புல்'னு இருக்கும். எங்கள்ல யாரும் இஸ்தான்புல்லைக் கண்ணால கண்டதில்ல. அவளும்தான்.

இங்க பாதிப் பட்டறையில இதுதான் வழக்கம். ரஷ்யாவுக்குப் போற சட்டையில துருக்கி லேபிள் இருந்தா விலை ஏறும், நம்ம ஊர் லேபிள் இருந்தா உதட்டைப் பிதுக்குவாங்க. நான் யோக்கியம் பேச வரல. என் வீட்டு ரொட்டியும் அந்தப் பொய்யில வந்ததுதான்.

புருல்சா ஒரு சட்டை கண்டுபிடிச்சா. இடுப்புல மறைவா ஒரு மடிப்பு, மூணு பெத்தவ போட்டாலும் வயிறு தெரியாது. எங்க ஊர் தோர்தோய் சந்தைக்கு ரஷ்யாவுல ஓம்ஸ்க்ல இருந்து வர்ற வியாபாரிப் பொம்பளைங்க, "புருல்சா சட்டை இருக்கா"ன்னுதான் கேட்பாங்க. வாயில புருல்சா, கழுத்துல இஸ்தான்புல். அவளுக்கு அதுல ஒரு உறுத்தலும் இருந்ததில்ல.

அவ ஓரகத்தி ஜிபெக். புருல்சா புருஷனோட தம்பி பொண்டாட்டி. எங்க பட்டறையிலதான் நாலு வருஷம் தைச்சா. ஒரு கல்யாண விருந்துல, நூறு பேர் நடுவுல, "ஜிபெக் மடிச்சுத் தைச்ச ஓரம் ஆடு மென்ன மாதிரி இருக்கும்"னு புருல்சா சொல்லிச் சிரிச்சா. மறுவாரமே ஜிபெக் தன் மிஷின்களைத் தூக்கிக்கிட்டு அடுத்த அறைக்குப் போயிட்டா. நடுவுல வெறும் ஒட்டுப்பலகைச் சுவர். இந்தப் பக்கம் தும்மினா அந்தப் பக்கம் கேட்கும். எரியிற கொள்ளியில எது நல்ல கொள்ளி? ரெண்டு பேரும் ஒண்ணுதான்.

ஒருநாள் இணையதளம் போட ரெனாத்துன்னு ஒருத்தர் வந்தார். பொறுமையான மனுஷன். பாவம்.

"முகவரிக்கு என்ன பேர் வைக்கலாம்?"

"புருல்சா. சந்தையில அதைத்தானே கேட்கறாங்க."

"சரி. கடைசியில என்ன போடறது? டாட் கேஜின்னு நம்ம நாட்டு வாலைச் சேர்த்தா நம்ம ஊருன்னு தெரியும். டாட் காம்னா எந்த ஊருன்னு தெரியாது."

"தெரியக் கூடாது, அதுதான் வேணும். கேஜின்னு போட்டா அவ்வளவுதான், பாதி விலைக்குக் கேட்பான். காம் போடு. புருல்சான்னு இஸ்தான்புல்ல யாரோ ஒருத்தி இருக்கான்னு நினைச்சுக்கட்டும்."

"அக்கா, கேஜியையும் சேர்த்து வாங்கிப் போட்டுடுங்க. சும்மா கிடக்கட்டும். இல்லன்னா வேற யாராவது எடுத்துடுவாங்க. பெரிய செலவு இல்ல."

"அந்த வாலை எவ எடுப்பா?" புருல்சா வேணும்னே சுவரைப் பார்த்துக் கத்தினா. "நம்ம ஊர் பேரை ஒட்டிக்கிட்டு யாவாரம் பண்ற கழுதை எவளாவது இருந்தா எடுத்துக்கட்டும்."

அந்தப் பக்கம் ஓடிக்கிட்டிருந்த மிஷின் நின்னுச்சு. எனக்குக் கேட்டுது. தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க.

மூணு மாசம் டாட் காம்ல ஈ ஓட்டினோம். அப்புறம் ஓம்ஸ்க்ல இருந்து ஒருத்தி போன் பண்ணினா. புருல்சா ஸ்பீக்கர்ல போட்டா, பெருமையடிக்க.

"உங்க கேஜி கடை ரொம்ப நல்லாயிருக்கு அக்கா. பிஷ்கேக்ல தைச்சதுன்னு நேராச் சொல்லிட்டீங்க. இந்த இஸ்தான்புல் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. எங்க தைக்கறீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா என்ன? இருநூறு சட்டை அதுலதான் சொல்லியிருக்கேன், எப்ப வரும்?"

புருல்சா முகத்துல ஈயாடல. எங்களுக்கு அப்படி ஒரு ஆர்டரே வரல.

கூப்பிட்டதும் ரெனாத் வந்து போன்ல திறந்து காட்டினார். புருல்சா டாட் கேஜி. அதே மடிப்பு வைச்ச சட்டை. கழுத்துல லேபிளைப் பெரிசாப் படம் பிடிச்சுப் போட்டிருந்தாங்க: 'புருல்சா. பிஷ்கேக்.'

புருல்சா சுவரைச் சுத்திப் போகல. பலகையை ஓங்கிக் குத்தினா. "ஜிபெக்! திருடி! என் பேரைத் திருடித் திங்கறியேடி, வெக்கமா இல்ல?"

ஜிபெக் நிதானமா வந்து வாசல்ல நின்னா. கையில டீக் கோப்பை.

"திருடலையேக்கா. நீங்க வெளிய எறிஞ்சீங்க, நான் பொறுக்கினேன். கழுதை எடுத்துக்கட்டும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது என் பேருடி."

"உங்க பேரா? நீங்க தைச்ச எந்தச் சட்டையில இருக்கு, காட்டுங்க பார்ப்போம்."

புருல்சா கத்தரிக்கோலை எடுத்துட்டா. நான்தான் கையைப் பிடிச்சேன். இன்னிக்கு வரைக்கும் அதுக்கு ஒரு நன்றி கிடையாது.

வக்கீல்கிட்ட போனோம், நானும் கூட. அவர் கேட்டதும் அதே கேள்விதான். "இந்தப் பேர்ல நீங்க வியாபாரம் பண்ணினதுக்கு அத்தாட்சி வேணும். உங்க பேர் தைச்ச சட்டை, பழசா ஒண்ணு போதும். சாட்சிக்கு லேபிள் தைச்ச ஆள் வந்தாலும் சரி."

லேபிள் தைச்ச ஆள் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். சத்தியம் பண்ணி நான் என்னத்தைச் சொல்ல? ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கல.

பட்டறையில மூட்டை மூட்டையாப் பிரிச்சோம். பதினெட்டு வருஷச் சட்டை. இஸ்தான்புல், இஸ்தான்புல், நடுவுல ஒரு வருஷம் மிலானோ. அவ பேர் ஒண்ணுலகூட இல்ல. அந்தப் பேர் தைச்ச சட்டை உலகத்துலயே ஜிபெக்கிட்ட மட்டும்தான் இருந்துது. பார்க்கிறப்ப எனக்கே சங்கடமா இருந்துது. அவளுக்காகவா, அந்த லேபிளைத் தைச்ச என் கையை நினைச்சதாலயான்னு தெரியல.

மறுநாள் புருல்சா யார் மூலமாவோ ஜிபெக்கோட சட்டை ஒண்ணு வாங்கிட்டு வந்தா. என் மேசையில போட்டா.

"பாத்மா, லேபிளைப் பிரி. நம்ம முதல் சட்டையில வைச்சுத் தை."

அந்த முதல் சட்டை வெளுத்துப் போனது. அவளே வெட்டி, அவளே தைச்சது. ஊசியைக் கீழ வைச்சேன்.

"இஸ்தான்புல்னு தைக்கச் சொல்லுங்க, கண்ணை மூடிக்கிட்டுத் தைக்கிறேன். இது உங்க பேரு. நீங்களே தையுங்க."

வேலையை விட்டுத் துரத்துவான்னுதான் நினைச்சேன். அவ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தா. கண்ணாடியை மாட்டிக்கிட்டு, லேபிளைப் பிரிச்சு, பழைய கழுத்துல வைச்சுத் தைச்சா. ஒவ்வொரு தையலும் எறும்பு வரிசை மாதிரி. முடிச்சதும் விரலால அந்தப் பேரை ஒருதரம் தடவினா. அந்த ஒரு நிமிஷம் அவ மேல எனக்குக் கோபம் வரல.

வக்கீல்கிட்ட தனியாத்தான் போனா. சாயந்தரம் வந்தா. சட்டை பையில அப்படியே இருந்துது.

"என்னக்கா சொன்னார்?"

"சட்டை வெளுத்திருக்கு, லேபிள் மட்டும் எப்படிப் பளபளன்னு இருக்குன்னார். லேபிள் நெய்த கடைச் சீட்டைக் கேட்டார்."

சீட்டு ஜிபெக் பேர்லதானே இருக்கும்.

"தையல் நல்லா இருக்குன்னும் சொன்னார்"னா.

சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின்கள் விடாம ஓடிக்கிட்டிருந்துது. புருல்சா வெட்டி வைச்சிருந்த அறுபது சட்டையை என் பக்கம் தள்ளி, இஸ்தான்புல் லேபிள் சுருளை எடுத்து மேல வைச்சா.

நான் ஊசியில நூலைக் கோத்தேன்.