பெல்ட்டுக்குத் தைத்த உறை

தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. 'பளபளா' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். கூரியர்காரன் வழி தெரியாமல் தடுமாறினால், "ஒரு நீலக் கார் பளபளன்னு நிக்கும் பாருங்க, அதுக்கு எதிர்வீடு" என்று அடையாளம் சொல்வார்கள். காரை வைத்து மனுஷனுக்குப் பேர். அதில் அவருக்கு வருத்தமெல்லாம் கிடையாது. உள்ளுக்குள் பெருமைதான்.

ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அடுக்குமாடிக் கட்டடங்களின் இருட்டுக்குள் கயிற்றோடும் சக்கரத்தோடும் மாரடித்துவிட்டு, நகக்கண்ணில் கிரீஸ் போகாத கையோடு வீடு திரும்பியவர். ஓய்வு பெற்றதும் செய்த ஒரே ஆடம்பரம் இந்தப் பழைய கார். "கருநீலம் வேணாங்க, துளி தூசு விழுந்தாலும் காட்டிக் குடுக்கும்" என்று மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே!

வாங்கிய நாளிலிருந்து ஞாயிறு காலை என்றால் காருக்குக் குளியல். வெயில் பானெட்டில் ஏறுவதற்குள் ஆரம்பித்துவிட வேண்டும். சூடேறிய தகட்டில் ஷாம்பு திட்டுத் திட்டாகக் காய்ந்து தொலைக்கும். முதலில் சக்கரங்கள், அதற்குத் தனி வாளி. அப்புறம் கூரையிலிருந்து கீழ்நோக்கி. ஈரம் போகத் துடைத்து, மெழுகைக் கொஞ்சமாகத் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்து, அது வெள்ளையாகப் பூத்து வரும்வரை பொறுத்திருந்து, மெத்தென்ற பழந்துணியால் துடைத்தெடுத்தால், அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம்.

வெளியே அவர், உள்ளே அவள். அதுதான் ஏற்பாடு. "என் சக்களத்தியக் குளிப்பாட்டியாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் துணியோடு வருவாள். சண்டை வருவது முன் கண்ணாடியில். அதில் ஒரு கறை தெரியும். உள்பக்கமா வெளிப்பக்கமா என்று லேசில் கண்டுபிடிக்க முடியாது. "உன் பக்கம்தான்டி" என்பார் இவர். அவள் சீட்டில் முட்டி போட்டபடி, "கண்ண நல்லாத் தொறந்து பாருங்க, உங்க பக்கம்" என்பாள். கண்ணாடிக்கு இந்தப்புறம் ஒரு முகம், அந்தப்புறம் ஒரு முகம், இரண்டு பேரும் ஒரே இடத்தைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

துடைக்கிற துணியும் அவள் உபயம்தான். தன் பருத்தி நைட்டி நைந்துபோனால் பட்டன், ஜிப் எல்லாவற்றையும் பிரித்து எடுத்துவிட்டு, சதுரமாக வெட்டி டப்பாவில் போட்டு வைப்பாள். "பெயிண்ட்டுல கோடு விழுந்துச்சுன்னா ஒரு வாரத்துக்கு உங்க மூஞ்சியப் பார்க்க முடியாது" என்பாள். கடையில் விற்கிற துணியெல்லாம் அதன் கிட்டே நிற்காது. சீட் பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்று பச்சைப் பூப்போட்ட நைட்டியில் ஒரு துண்டை வெட்டி, தான் உட்காரும் முன் சீட்டு பெல்ட்டைச் சுற்றி ஓர் உறையும் தைத்து, பிரஸ் பட்டன் வைத்துப் போட்டிருந்தாள்.

காய்ச்சல் என்று ஒரு நாள் அந்தக் காரின் பின் சீட்டில் படுத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு வெளியேயும் அவரே, உள்ளேயும் அவரே. கண்ணாடியில் கறை தெரிந்தால் வெளியே துடைப்பார், சுற்றிப் போய் உள்ளே ஏறித் துடைப்பார், இறங்கி வந்து பார்ப்பார், சனியன் அங்கேயே இருக்கும். எதிர்வீட்டுத் தையற்காரர் ஜன்னல் வழியாக, "அண்ணே, விட்டா தகடு தேஞ்சு ஓட்டை விழுந்துடும்ண்ணே!" என்று கத்துவார். இவர் சிரித்துக் கையை ஆட்டுவார். பல நாட்களில் மனுஷக் குரல் என்று அவர் காதில் விழுந்தது அது ஒன்றுதான். முன் சீட்டில் மட்டும் யாரையும் உட்கார விடுவதில்லை. வாளியையும் டப்பாவையும் அங்கே ஏற்றி வைத்துவிட்டு, யாராவது கேட்டால், "அந்த பெல்ட் வேலை செய்யாதுங்க, பின்னாடி உட்காருங்க" என்று வாய் கூசாமல் சொல்லிவிடுவார்.

டப்பாவில் துணி தீர்ந்தபோது பீரோவைத் திறந்து, இருந்ததிலேயே நைந்த நைட்டியை எடுத்தார். அவளே எடுத்துக் கொடுத்திருப்பாள் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டு, அவளைப் போலவே பட்டனைப் பிரித்துவிட்டு வெட்டினார். அடுத்த முறை, மிச்சம் இருந்ததில் நைந்தது. அதற்கடுத்த முறையும் அப்படித்தான். அந்தத் துணி கைக்குள் அடங்கும்போது அவள் பக்கத்தில் நிற்பது போலிருக்கும். அதற்காகவே வாரத்துக்கு இரண்டு தடவை துடைக்க ஆரம்பித்தார் என்பதுதான் உண்மை.

இப்படி இருக்கும்போதுதான் மகள் போன் செய்தாள். பிள்ளை உண்டாகி வயிறு பெருத்திருந்த நேரம்.

"அப்பா, எந்த உடுப்பும் எனக்குச் சேர மாட்டேங்குது. அம்மா நைட்டி ஒண்ணு எடுத்து வைங்க. பழசா இருந்தாலும் பரவால்ல. அதப் போட்டுக்கிட்டாவது கொஞ்சம் தூங்குறேன். சனிக்கிழமை வர்றேன்."

"இருக்கும்மா, இல்லாம எங்க போயிடும்? நீ வா" என்றார்.

போனை வைத்துவிட்டு பீரோவைத் திறந்தார். தன் சட்டைகள் தொங்கின. மனைவியின் தட்டில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புது நைட்டி ஒன்று. அவள் உடம்பில் படாதது. வேறு எதுவும் இல்லை. இவ்வளவையுமா வெட்டினோம்? டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார். கை ஒரு துண்டு, கழுத்து ஒரு துண்டு, எல்லாம் மெழுகேறி விறைத்துக் கிடந்தன. சோப்புப் போட்டுத் துவைத்தார். வெந்நீரில் ஊறப் போட்டார். மெழுகு அசைந்து கொடுப்பேனா என்றது.

காரில் பெல்ட்டைச் சுற்றி இன்னும் ஒரு துண்டு இருப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்த நினைப்பு வந்ததும் அதை அப்படியே அமுக்கிவிட்டார்.

கடைசியில் கிழவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். புது நைட்டியைப் பிரித்து, துவைத்தார், காயப்போட்டார், மறுபடி துவைத்தார். சனிக்கிழமை வரைக்கும் இதே வேலை. சாயம் வெளுத்து, துணி தொய்ந்து, பார்க்கப் பழசு மாதிரிதான் ஆகிவிட்டது.

மகள் வந்தாள். நைட்டியை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். உள்ளே போய் உடுத்திக்கொண்டு வந்தவள், வலது கையால் இடுப்புப் பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இது அம்மாவுது இல்ல."

"ஏன்மா, அவளுதுதான்..."

"அம்மா சாவி வச்சுக்க எல்லாத்துலயும் ஒரு பாக்கெட் தச்சுக்குவாப்பா. இதுல இல்ல. மத்ததெல்லாம் எங்க?"

மகளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன் எத்தனை நேரம் தாக்குப்பிடிப்பார்? டப்பாவைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒரு துண்டில் பாதிப் பாக்கெட் இருந்தது. மூக்கருகில் கொண்டுபோனாள். கார் மெழுகு வாசம் மட்டும்தான் வந்தது.

"அம்மா சரியாத்தான் சொல்லியிருக்கா. சக்களத்தி கடைசியில அவ துணிமணி எல்லாத்தையும் பறிச்சுக்கிட்டா" என்றாள். சிரிக்க நினைத்துத்தான் ஆரம்பித்தாள், அழுகை முந்திக்கொண்டது. "எனக்குன்னு ஒண்ணு கூடவாப்பா மிச்சம் வைக்கல? ஒரு துண்டு கூடவா?"

"இல்லம்மா" என்றார்.

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உப்பு வேண்டுமா என்று அவர் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். பெற்ற பெண் வீட்டில் இருந்தும், மனைவி போன பிறகு வந்த எந்த நாளையும்விட அன்றைக்குத்தான் வீடு வெறிச்சோடிக் கிடந்தது.

மறுநாள் அவளை ரயிலேற்ற வேண்டும். பையை டிக்கியில் வைத்தார். வழக்கம்போல அவள் பின் கதவைத் திறந்தாள்.

"இரும்மா." முன் சீட்டிலிருந்து வாளியையும் டப்பாவையும் இறக்கித் தரையில் வைத்தார். சீட்டைக் கையாலேயே துடைத்தார். "முன்னாடி உட்காரு."

உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தவளின் விரல்கள் பாதியில் நின்றுவிட்டன. பச்சைப் பூ. கழுத்துப் பக்கம் மட்டும் லேசாகப் பழுப்பேறி, பஞ்சு மாதிரி நைந்திருந்தது. அதில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். மெழுகு வாசம் இல்லை.

ஸ்டேஷன் வரும்வரை கன்னத்தை அதிலிருந்து எடுக்கவில்லை. வண்டி நின்றதும், "நேத்து கேட்டேனே" என்றாள்.

"கேட்டே."

"ஏன்ப்பா சொல்லல?"

"சொன்னா நீ கேட்பே. நீ கேட்டா நான் குடுத்துடுவேன்."

"நான் கேட்கலப்பா."

"தெரியும்" என்றபடி அவரே சாய்ந்து, கிரீஸ் கறை போகாத விரல்களால் பிரஸ் பட்டன்களை ஒவ்வொன்றாக விடுவித்து, உறையை மடித்து அவள் கைப்பையில் வைத்தார். "ஜிப்பைப் போட்டுக்கோ. கூட்டத்துல விழுந்துடப் போகுது."

திரும்பி வரும்போது பக்கத்து பெல்ட் மொட்டையாகத் தொங்கியது. அதைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்து ஓட்டினார். கல்யாணம் முடிந்த புதிதில் மனைவியைப் பார்க்காமல் இருக்கக்கூட இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டார்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் திறந்தார். அந்தத் துண்டுகளைத் தொட மனம் வரவில்லை. மூடி, பீரோவில் மனைவியின் தட்டில் கொண்டுபோய் வைத்தார். தன் பழைய பனியன் ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தார். முன் கண்ணாடியில் ஒரு கறை. துடைத்தார். பனியன் நூல் நூலாக உதிர்ந்து கண்ணாடியில் ஒட்டியது, கறை போகவில்லை.

"அண்ணே, மக ஊருக்குப் போயாச்சா?" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது. இவர் கையை மட்டும் ஆட்டினார்.

பிறகு கண்ணாடியில் குனிந்து, "உன் பக்கம்தான்டி" என்றார். அப்புறம் பனியன் துணியோடு சுற்றிப் போய், அவள் பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே ஏறினார்.