விதையறையில் நின்ற இயந்திரங்கள்

மலைமேலிருக்கும் குண்டூர் நாட்டில் மாதம்மாள் வீட்டின் பின்பக்கம் விதைக்கென்று ஓர் அறை உண்டு. அடுத்த விதைப்புக்கான கேழ்வரகும் சாமையும் அங்கேதான் இருக்கும். விவசாயிகள் சங்கம் வாங்கிய இரண்டு குளிர்பதன இயந்திரங்களும் அங்கேதான் நின்றன.

அன்னாசியையும் பலாவையும் நல்ல விலை வரும்வரை வைத்திருக்க, செம்மேட்டில் குளிரறை கட்டுவது என்று சங்கத்தார் முடிவு செய்திருந்தார்கள். இயந்திரம் முதலில் வந்துவிட்டது. கட்டடம் எழும்பவில்லை, இடத்தின் பட்டாவில் சிக்கல். பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் மலையில் ஈரம் புகாத இடத்துக்கு எங்கே போவது? மாதம்மாளின் கணவர் சின்னராசு சொன்னார்: "எங்க விதை ரூம்புல வையுங்க. விதை கெடாத எடத்துல வேற எது கெடும்? நான் பொறுப்பு."

நாமக்கல்லிலிருந்து வந்த மெக்கானிக் ஜான்பீட்டர் பக்குவம் சொல்லிவிட்டுப் போனார். கட்டைமேல் நிமிர்த்தியே வைக்க வேண்டும். தார்ப்பாய் போர்த்தினாலும் அடியில் காற்றோட வேண்டும். குழாய்க்குள் ஈரமில்லாத வாயு அடைத்திருக்கிறது. மூடியில் கை வைக்கக் கூடாது. மாதம் ஒருமுறை காற்றாடியைக் கையால் சுற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பேரிங் இறுகிப்போகும்.

சின்னராசு அமாவாசைதோறும் சுற்றினார். எலி புகாமல் கம்பிவலை கட்டினார். மாதம்மாள் பக்கத்தில் டார்ச் பிடித்து நிற்பார்.

"நம்ம மாட்டைக்கூட நீங்க இப்படித் தடவிக் கொடுத்ததில்லை."

"மாடு நம்மளது. இது ஊரோடது."

இரண்டு மழைக்காலம் அப்படிப் போயிற்று. தை மாதம் மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறிய சின்னராசு தவறி விழுந்தார். செம்மேடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டது.

சாவு விழுந்த வீட்டார் விதையைத் தொடுவதில்லை என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அடுத்த விதைப்புக்குப் பங்காளி வந்து எடுத்துக் கொடுக்கும்வரை அறை பூட்டியே கிடக்கும். மாதம்மாள் பூட்டினார். இயந்திரங்களும் உள்ளே அகப்பட்டுக்கொண்டன. ஒவ்வொரு அமாவாசைக்கும் அந்தக் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார். பங்காளி யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கணவர் ஏற்ற பொறுப்பை இன்னொருவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை.

கட்டடம் ஆனியில் முடிந்தது. விதைப்பும் நெருங்கியிருந்தது. சங்கத் தலைவர் மணிவண்ணன் லாரியும் ஆட்களுமாக வந்தார். ஜான்பீட்டரும் வந்தார். பங்காளி குப்புசாமி பூட்டைத் திறந்தார்.

முதல் காற்றாடி சுற்றியது. இரண்டாவது அசையவில்லை.

"இதை எப்பங்க கடைசியா சுத்துனீங்க?" என்றார் ஜான்பீட்டர்.

"தையிலங்க. அப்புறம் சுத்தலை" என்றார் மாதம்மாள்.

மணிவண்ணனுக்கு முகம் மாறியது. "ஏனக்கா, இரும்புக்குமா தீட்டு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்து சுத்தியிருப்பேனில்ல?"

"கதவைத் தொறந்தா விதைக்குஞ் சேத்துத்தான் தொறக்கும், தம்பி. அது எங்க ஊட்டு வழக்கம்" என்றார் குப்புசாமி.

"மிஷின் போச்சுன்னா உங்க வழக்கமா வாங்கித் தரும்? சின்னராசண்ணன் சொல்லை நம்பித்தானே இங்க வெச்சோம்."

"அவரு பேரை இழுக்காதீங்க" என்றார் மாதம்மாள். "இருந்தவரைக்கும் அவரு சுத்துனாரு. நிறுத்துனது நான்."

ஜான்பீட்டர் பையிலிருந்து அழுத்தம் காட்டும் கேஜை எடுத்துக் குழாயில் பொருத்தினார். முள் எழும்பினால் உள்ளே அடைத்த வாயு அப்படியே இருக்கிறது என்று பொருள். எழும்பாவிட்டால் ஈரம் புகுந்திருக்கும். இயந்திரத்தையே மறந்துவிட வேண்டியதுதான். மாதம்மாள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு அந்த முள்ளைப் பார்த்தார்.

முள் எழும்பி நின்றது. இரண்டாவது இயந்திரத்திலும் நின்றது.

"உசுரு நல்லா இருக்குதுங்க. இந்தக் காத்தாடிக்குப் பேரிங் மட்டும் மாத்தணும்." கேஜைக் கழற்றியபடியே தொடர்ந்தார்: "எங்கப்பா தவறுன வருசம் எங்க ஊட்டுல கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்டலைங்க அக்கா. தெருவுல எங்க ஊடு மட்டும் இருட்டு. பேரிங்குக்கு அதெல்லாம் தெரியாது, என்ன பண்றது."

மணிவண்ணன் லாரிப் பக்கம் போய் ஆட்களைக் கூப்பிட்டார். அவர்கள் இயந்திரத்தைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். நிலை குறுகல், தட்டியது. வெளியே எடுக்க ஒருவர் மெல்லச் சாய்க்கப் பார்த்தார்.

"சாய்க்காதீங்க" என்றார் மாதம்மாள்.

"வேற வழியில்லீங்க அக்கா. கொஞ்சமாத்தான்."

"உள்ள வைக்கறப்ப அவரு நிலையைப் பேத்துத்தான் வெச்சாரு. பேத்தே எடுங்க." கடப்பாரையை மாதம்மாளே கொண்டுவந்து கொடுத்தார்.

மணிவண்ணன் அதை வாங்கிக்கொண்டார். மண்சுவர் உதிர, மாதம்மாளும் கை கொடுக்க, கதவோடு நிலை வெளியே வந்தது. இயந்திரங்கள் நின்றவாக்கிலேயே லாரி ஏறின. லாரி வளைவு திரும்பும்வரை மணிவண்ணன் அதன் பின்பக்கம் ஏறி நின்று, இயந்திரங்கள் சாயாமல் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அறை திறந்து கிடந்தது. பூட்டக் கதவில்லை. குப்புசாமி உள்ளே போய்க் கேழ்வரகு மூட்டையை எடுத்துவந்து நீட்டினார். மாதம்மாள் கையில் ஒட்டியிருந்த சுவர்மண்ணைத் துடைத்துவிட்டு, இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.