ஐம்பது வரை எண்ணச் சொன்ன அப்பா

1999ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14, சனிக்கிழமை, காலை 6 மணி 40 நிமிடம். மைசூரில் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து சாமுண்டி மலை தெரியாதபடி தூறல். இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அப்போது நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன்.

முப்பத்தொரு வருடம் நான் ஒரு நூல் ஆலையில் தரப் பரிசோதகனாக இருந்தவன். ஆயிரம் மீட்டர் நூல் ஓடுவதற்குள் இழை எத்தனை முறை அறுகிறது என்று எண்ணிக் குறிப்பதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மாடிப்படி பதினேழு, குக்கர் விசில் நான்கு என்று எதையாவது எண்ணிக்கொண்டேதான் இருப்பேன்.

எங்கள் ஒரே மகள் அமெரிக்காவில் இருந்தாள். கர்ப்பிணி, ஏழு மாதம் முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது. பிரசவத்துக்குப் போக என் மனைவிக்கு விசா கேட்டோம். இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு ஜூனில் வந்திருந்த மாப்பிள்ளை, கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்து, இன்டர்நெட் வழியாகப் பேச வழி செய்துகொடுத்துவிட்டுப் போனார். தலையில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போன் ஒன்று, அதிலேயே சிறிய மைக். பேசுவது புதனும் சனியும், நமக்குக் காலை. அங்கே முந்தின நாள் மாலை.

எனக்கு அது பெரிய அதிசயம். அது எப்படி நடக்கிறது என்று மாப்பிள்ளையைத் துளைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மனைவிக்கும் விளக்கினேன். "அவ பேச்சைக் கீச் கீச்னு ஒரு சத்தமா மாத்தி டெலிபோன் ஒயர்ல அனுப்பறாங்க. அந்தச் சத்தத்துக்குள்ள அவ குரல் இருக்கும். கம்ப்யூட்டர் பிரிச்சு எடுத்துக் குடுக்கும்." அவள் கேட்டுக்கொண்டாள். கொள்ளேகால்காரி, அதிகம் பேசமாட்டாள்.

ஆனால் பேச்சு விட்டு விட்டு வந்தது. பாதிச் சொல் வரும், பத்து நொடி ஒன்றும் இருக்காது, சில நாள் தொடர்பே போய்விடும். எனக்குள் இருந்த பரிசோதகன் விழித்துக்கொண்டான். மகளை ஒன்றிலிருந்து ஐம்பது வரை எண்ணச் சொல்வேன். காதில் விழுந்த எண்ணுக்கு ஒரு கோடு, விழாததற்கு ஒரு சுழி. பக்கத்தில் நேரம், மழையா வெயிலா, மின்விசிறி ஓடியதா என்பது வரை எழுதுவேன். "இன்னைக்கும் எண்ணணுமாப்பா?" என்பாள் மகள். "எண்ணினாத்தானே பழுது தெரியும்" என்பேன். அது முடிந்த பிறகுதான் ஹெட்போன் மனைவியிடம் போகும், தொடர்பு இருந்தால்.

பதினோரு அழைப்புகள் ஆயின. அவற்றில் இரண்டு நாள் மட்டும் ஐம்பதுக்கு ஐம்பதும் விழுந்தது. அந்த இரண்டு நாளும் மழை இல்லை. கம்பியில் ஈரம் இறங்குகிறது என்று முடிவு கட்டி, டெலிபோன்காரரை வரவழைத்தேன்.

வியாழக்கிழமை வந்தார். என் மனைவி ஊர்ப் பக்கத்துக் கௌதள்ளிக்காரர், நடுவயது. வெளிப்பெட்டியைத் திறந்து, கம்பியைச் சோதித்து, என் நோட்டையும் பொறுமையாகப் புரட்டினார்.

"லைன் சுத்தமா இருக்குதுங் சார். மழையெல்லாம் இல்லைங். இதே லைன்ல வேற போன் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"சமையலறையில் ஒண்ணு இருக்கு. கம்ப்யூட்டர் ஓடும்போது அதை யாரும் தொடறதில்லை."

"அதை எடுத்தா இது கெட்டுப் போயிருமுங். பார்த்துக்கோங்க." என் மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, போகும்போது அவளிடம் சொன்னார்: "சார் எண்ணறதை நிறுத்தினாலே பாதி சரியாப் போயிருமுங் அம்மா."

அவள் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். ஆனால் எழுதிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமைக்கு வருகிறேன். மகள் முப்பத்தொன்று சொல்லும்போது அறுந்தது. வெளியே தூறல் வலுத்ததா என்று பார்க்கவேண்டும். மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது சமையலறை ஜன்னலில்தான் நன்றாகத் தெரியும். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன்.

என் மனைவி சுவரோரம் நின்றிருந்தாள். டெலிபோன் ரிசீவர் காதில் அழுந்தியிருந்தது. தன் மூச்சு கேட்டுவிடக் கூடாதென்று, பேசும் பக்கத்தைப் புடவைத் தலைப்பால் பொத்தியிருந்தாள். கண்களை மூடியிருந்தாள்.

"என்ன பண்றே?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "தெரியாம எடுக்கலைங்க. தெரிஞ்சுதான் எடுத்தேன். தப்புத்தான்."

"அதுல வெறும் இரைச்சல்தானே கேட்கும்?"

"அதுக்குள்ள அவ குரல் இருக்குதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. கவனிச்சுக் கேட்டா புரிஞ்சுருமோன்னு பார்த்தேன்."

மேசைக்குத் திரும்பி நோட்டைப் புரட்டினேன். ஐம்பதுக்கு ஐம்பது விழுந்த அந்த இரண்டு நாளும், அவள் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்காகக் கொள்ளேகால் போயிருந்தாள். ஆலையில் நூல் அறுந்தால் இயந்திரத்தைப் பார்ப்போம், ஈரத்தைப் பார்ப்போம். இழைமேல் யார் கை இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று பார்த்ததில்லை. பழகிய கையால் இன்னொன்றையும் கூட்டிப் பார்த்தேன். பதினோரு அழைப்புகளில் என் மனைவி மகளோடு பேசியது மொத்தம் நான்கு நிமிடம்.

மறுபடி தொடர்பு போட்டு, ஹெட்போனை அவள் தலையில் மாட்டினேன். தள்ளி நின்றேன். மகள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. இவள் பேசியதுதான் கேட்டது.

"ம்... கால் வீங்கறது இருக்கட்டும். மூஞ்சி வீங்குதா? தலைவலியா? எத்தனை நாளா?... ஏன் கண்ணு அப்பாகிட்டச் சொல்லலை?"

சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் பார்க்காமல் சொன்னாள்: "அவரு எண்ணட்டும் விடு. நீ இன்னைக்கே டாக்டர்கிட்டப் போ. நாளைக்குன்னு சொல்லாதே."

அவர்கள் ஊர்க் கணக்கில் அன்று மாலையே மகள் போனாள். இரத்த அழுத்தம் நிறையக் கூடியிருந்ததாம். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று அந்த டாக்டர் சொன்னதை, மாப்பிள்ளை சாதாரண போனிலேயே கூப்பிட்டுச் சொன்னார். ஐந்து வாரம் கழித்துப் பேத்தி பிறந்தாள். எடை குறைவு, மற்றபடி நலம். தலைவலி என்று மகள் என்னிடமும் ஒருநாள் ஆரம்பித்திருக்கிறாள். அது அறுந்து வந்தபோது, ஒரு சுழி போட்டுவிட்டு மேலே எண்ணச் சொல்லியிருக்கிறேன்.

அந்த வாரமே ஆட்டோ பிடித்துப் போய் இன்னொரு ஹெட்போனும், இரண்டையும் ஒரே துளையில் செருகும் பின்னும் வாங்கி வந்தேன். புதியதில் மைக் கிடையாது. அது எனக்கு. அதன் பிறகு புதன், சனி இரண்டு நாளும் அவர்கள் பேசுவார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். அப்போதும் சில நாள் குரல் அறுந்தது, ஆனால் என்ன சொல்ல வந்தாய் என்று அவள் திரும்பக் கேட்டுவிடுவாள்.

பழுதை எண்ணத் தெரிந்த எனக்கு, அதற்கு அந்தப் பக்கம் ஒருத்தியும் இந்தப் பக்கம் ஒருத்தியும் காத்து நிற்கிறார்கள் என்று புரிந்துகொள்ள ஆன மொத்தச் செலவு, ஹெட்போன் நூற்று எண்பது, செருகும் பின் முப்பத்தைந்து, ஆட்டோ இருபத்திரண்டு, ஆக இருநூற்று முப்பத்தேழு ரூபாய்.