உனக்காக யார் கிளம்புவார்கள்?

பஞ்சர் என்ற பேர் அவனுக்குக் கடையால் வந்ததல்ல. பேர்தான் முதலில் வந்தது, கடை பிற்பாடு. இளவட்டமாக இருந்தபோது லாரி நிறுத்தத்தில் ஒருத்தன் வயிற்றில் கத்தியை இறக்கினான். குத்துப்பட்டவன் பிழைத்துக்கொண்டான், இவன் ஜெயிலுக்குப் போனான். திரும்பி வந்து, கல்யாணம் கட்டி, டயர் கடை போட்டு, தொட்டித் தண்ணீரில் டியூபை அமுக்கிக் குமிழி தேடும் மனுஷனாகிவிட்ட பிறகும் பேர் ஒட்டிக்கொண்டது. மூக்கு நுனியில் கோபம் வைத்திருக்கும் ஆள். பெண்டாட்டியைத் தவிர வேறு யாரும் அவனைத் திட்டியதில்லை.

தெரு மட்டும் லேசுப்பட்டதா என்ன? இந்த வாரம் ஒருத்தன் கை போனால், அடுத்த வாரம் பதிலுக்கு இன்னொருத்தன் காது போகும். வெட்டுப்பட்டவன் தையல் பிரிப்பதற்குள் அவன் ஆட்கள் போய் எதிராளியை வெட்ட, அவனும் அதே வார்டில் பக்கத்துக் கட்டிலுக்கு வந்து சேர்வான். தரையைக் கழுவிக் கழுவி ஆஸ்பத்திரி ஆயாவுக்குக் கை வெளுத்துப்போனது. இதை எப்படி நிறுத்துவது என்று ஆராய்ச்சி தொடங்க நினைத்த ஒரு டாக்டரம்மா, முதலில் தெரு ஆட்களையே உட்கார வைத்துக் கேட்டுவிடுவோம் என்று சிலரைக் கூப்பிட்டாள். அதில் பஞ்சரும் ஒருவன். மகனை வெட்டுக்குப் பறிகொடுத்த இஸ்திரிக்காரம்மாவும் ஒருத்தி.

"என்னை எதுக்கும்மா கூப்பிட்டீங்க? நான் குத்தினவன், குத்துப்பட்டவன் இல்லையே."

"அதனாலதான் கூப்பிட்டேன். உக்காருங்க."

அடிபட்டவரிடம் கேட்கப்போகும் கேள்விகளை டாக்டரம்மா வாசித்தாள். உங்களை வெட்டியது யார் என்பதுதான் முதல் கேள்வி. பஞ்சர் சத்தமாகச் சிரித்துவிட்டான்.

"இதைக் கேட்டுடாதீங்க. கட்டில் பக்கத்துலயே அவன் மச்சான் நிப்பான், சித்தப்பா நிப்பான். பேரு வாயில இருந்து விழுந்ததும், நீங்க ஊசி போட்டு முடிக்கிறதுக்குள்ள அந்தப் பேருக்காரன் குடல் ரோட்டுல கிடக்கும்."

"பேரே தெரியாம, யாருக்கு யார் மேல பகைன்னு நாங்க எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"கண்டுபிடிச்சு மாலை போடப்போறீங்களா?" என்று மேஜையில் ஓங்கிக் குத்தினான். டீ கொட்டிக் காகிதமெல்லாம் நனைந்தது.

அதுவரை வாயே திறக்காத இஸ்திரிக்காரம்மா, புடவைத் தலைப்பால் மேஜையைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"என் பையனை யாரும் தேடி வந்து வெட்டல. கூட்டாளிக்கு வெட்டு விழுந்துச்சுன்னு இவன்தான் கம்பியைத் தூக்கிட்டுப் போனான். போன இடத்துல கழுத்துல வாங்கிட்டான். கிளம்பறப்போ யாராவது ஒருத்தர் பிடிச்சு உக்கார வெச்சிருந்தா இன்னிக்கு இருந்திருப்பான். வெட்டினவனைக் கேக்காதீங்கம்மா. உனக்காக யாரு கிளம்புவாங்கன்னு கேளுங்க. அந்த ஆளைப் பிடிச்சு வையுங்க."

டாக்டரம்மா முதல் கேள்வியை அடித்துவிட்டு இதை எழுதினாள். திரையை இழுத்துவிட்டு நர்ஸ் மட்டும் கேட்க வேண்டும், சொந்தக்காரர் யாரும் காது எட்டும் தூரத்தில் நிற்கக் கூடாது என்பதையும் கூடவே சேர்த்தாள். கிளம்புகிறவனைப் பிடித்து வைக்கும் வேலை, கூடியிருந்த இந்தக் குழுவுக்கு. பஞ்சர் அதில் சூரன். தம்பிக்காகக் கடப்பாரையோடு புறப்பட்ட ஒரு கொத்தனாரை வாசலிலேயே கீழே தள்ளி, மூச்சு இளைக்கும்வரை நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தான். அந்த ஆள் கடித்த தழும்பு இன்னும் முன்கையில் இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டிப் பெருமையடிப்பான்.

ஒரு மத்தியானம் எதிர்க்கடைக்காரர் தலைதெறிக்க ஓடிவந்தார்.

"பஞ்சரு! உன் தம்பியை வெட்டிட்டாங்கப்பா!"

தம்பி லோடு வண்டி ஓட்டுகிறவன், ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத பிறவி. பழைய பகையில் தனக்கு விழ வேண்டிய வெட்டு அவன் மேல் விழுந்திருக்கிறது என்று பஞ்சருக்குச் சட்டென்று புரிந்தது. தூக்கிப் போட்டுவிட்டேன் என்று பெண்டாட்டி தலையில் அடித்து அவன் சத்தியம் செய்த கத்தி, பழைய டயர்களுக்கு அடியில்தான் இருந்தது. எடுத்து இடுப்பில் செருகினான். சந்தேகம் இரண்டு பேர் மேல். தம்பி வாயால் ஒரு பேர் வந்தால் போதும், இன்றைக்கே அந்தப் பேருக்காரன் கதை முடிந்தது.

வெட்டுப்பட்டவன் அவன் தம்பி என்று ஆஸ்பத்திரிக் காவலாளிக்குத் தெரியாது, தடுக்கவில்லை. "நீங்களே வந்துட்டீங்களா? நல்லதாப்போச்சு. பிடிக்க ஆள் வேணும்னு இப்பதான் இஸ்திரிக்காரம்மாவுக்கும் போன் போட்டாங்க" என்று கதவைத் திறந்துவிட்டார்.

திரைக்கு அடியில் ரத்தம் வழிந்து வந்துகொண்டிருந்தது. விலகிய இடுக்கு வழியே பார்த்தான். தோள் பிளந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. கன்னம் வாய்வரை கிழிந்திருந்தது. குழந்தையில் இவன் முத்தம் கொடுத்த கன்னம். நர்ஸ் நகர்ந்ததும் உள்ளே போய்ப் பேரைக் கேட்டுவிடுவது என்று, எந்தச் சொந்தக்காரரும் நிற்கக் கூடாத இடத்தில் நின்றான்.

"உன்னை வெட்டினது யாருன்னு நான் கேக்கல தம்பி," என்றாள் நர்ஸ். "உனக்காக யாரு கிளம்புவாங்க?"

ரத்தத்தில் வார்த்தை கொழகொழத்தது.

"அண்ணன். எங்க அண்ணன்தான். சின்னப் பிள்ளைங்க இருக்குக்கா அவருக்கு. எப்படியாவது பிடிச்சு வையுங்க."

பஞ்சரின் கை கத்திப் பிடியில் இருந்தது. அதன் மேல் இன்னொரு கை வந்து விழுந்தது. இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் காய்த்துப்போன கை. ஓடிவந்த மூச்சிரைப்பு இன்னும் அவளுக்கு அடங்கவில்லை. ஒரு உதறு உதறினால் கிழவி சுவரில் போய் விழுவாள். அவனுக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும்.

பஞ்சர் அந்த ரத்தத்திலேயே உட்கார்ந்தான்.

"பிடிச்சுக்கோங்கம்மா," என்றான். "விட்டுடாதீங்க. விட்டா போயிடுவேன்."