எல்.ஈ.டி. சுவரில் விழுந்த வரி

எங்கள் பனியன் கம்பெனி வரவேற்பறையில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு எல்.ஈ.டி. திரை வந்தபோது, இது யார் பார்ப்பதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையர்கள் வருவது அபூர்வம். வந்தாலும் நேராகச் சாம்பிள் ரூமுக்குப் போய்விடுவார்கள். மற்றபடி வருவது நூல் புரோக்கரும் கூரியர்காரரும்தான். அவர்களைப் பார்த்துத்தான் திரையில் முதலாளியின் முகம் ஆள் உயரத்துக்குச் சிரித்தது. அடுத்து முருகன், அடுத்து பனியன் போட்ட வெள்ளைக்காரக் குழந்தைகள், மறுபடியும் முதலாளி.

வாசல் வெயிலிலும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தை உச்சத்தில் வைத்தார் முதலாளியின் மச்சினன். கம்பெனியில் அவருக்கு ஜெனரல் மேனேஜர் என்று பெயர். எதை மேனேஜ் செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. திரையைப் பொருத்த வந்தவர்கள் இவ்வளவு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். "எரியறதுக்குத்தானுங்க வாங்கியிருக்குது" என்றார்.

நான் அங்கே நிட்டிங் துணியைச் சோதித்துத் தேர்வு செய்யும் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். திரைக்குள் ஒவ்வொரு புள்ளியையும் எரியவைக்கிற நுண்ணிய சர்க்யூட்டை வடிவமைத்துச் சோதிப்பது அவள் வேலை. முன்பொரு நாள் சாப்பாட்டு மேசையில் அதை எனக்கு விளக்கினாள். எல்.ஈ.டி.க்கு வோல்டேஜ் துளி கூடினாலும் கரண்ட் எகிறிவிடுமாம். அதனால் அளந்து கொடுக்க ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு குட்டி டிரான்சிஸ்டர் வேண்டுமாம். அந்த டிரான்சிஸ்டர்களும் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, சூடேறினால் குணம் மாறும், நாளானால் இன்னும் மாறும். அத்தனை மாற்றத்தையும் ஈடுகட்டி எல்லாப் புள்ளிக்கும் ஒரே அளவு கரண்ட் போகச் செய்ய வேண்டும்.

"எங்க மெஷின்ல ஃபீடர் மாதிரி" என்றேன். நூல் கோன் இறுக்கமாக இருந்தாலும் தளர்ந்திருந்தாலும் ஃபீடர் ஒரே அளவு நூலைத்தான் ஊசிக்குத் தர வேண்டும். ஒன்று பிசகினால் துணி நெடுக வரி விழும்.

"அதேதாம்ப்பா. யாராச்சும் கேட்டா பொண்ணு ஃபீடர் செய்யறான்னு சொல்லிக்கோங்க" என்று சிரித்தாள்.

ஆயுத பூஜைக்கு ஊருக்கு வந்தவள், பூஜைக்கு முந்தின நாள் என்னோடு கம்பெனிக்கு வந்தாள். அன்று திரையின் நடுவில் குறுக்காக ஒரு மங்கல் வரி இருந்தது. முதலாளியின் சிரிப்பை மூக்குக்குக் கீழே அறுத்துக்கொண்டு போனது.

மச்சினன் அதை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். "பஞ்சுத் தூசிங்க. தொடச்சா போயிரும்."

"அழுக்கு இல்லீங்க அங்கிள்" என்றாள் மகள். "அந்த வரிசைக்குக் கரண்ட் சரியாப் போகலை. ரொம்ப நாளா ஃபுல் வெளிச்சத்துல ஓடி உள்ள சூட்டுல கெட்டிருக்கும். ஆஃப் பண்ணி வைங்க, ஸ்கிரீன் கம்பெனி ஆளு வந்து பாக்கட்டும்."

"சரீங்க அம்முணி" என்றார் மச்சினன். "ஆமாங்க அம்முணி" என்றார் பக்கத்தில் நின்ற முதலாளி. எங்கள் ஊரில் ஒருவர் இவ்வளவு மரியாதையாகத் தலையாட்டினால் நீங்கள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை என்று அர்த்தம். இத்தனை வருஷம் இங்கே இருந்த எனக்கு அது தெரியும். பெங்களூர் போன பிள்ளைக்கு மறந்துவிட்டது.

மறுநாள் கம்பெனி முழுக்கக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். மெஷினுக்கு, கத்திக்கு, வேனுக்கு. திரைக்கும் நாலு மூலையில் சந்தனம். திரை ஓடிக்கொண்டுதான் இருந்தது, பூஜை நாளில் முதலாளி முகம் அணையக் கூடாதாம். வரி இன்னும் இருந்தது. கறை என்றால் மச்சினனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. செக்கிங் டேபிளில் பனியனில் பட்ட எண்ணெய்க் கறையை எடுக்க ஒரு ஸ்ப்ரே கன் இருக்கும், அதில் பெட்ரோல் வாசமடிக்கும் திரவம். அதைத் தூக்கிவந்து, எரிந்துகொண்டிருந்த திரையில் அடித்தார். போகவில்லை என்று இன்னும் அடித்தார்.

நான் பொரிகடலைப் பையோடு வாசலில் நின்றேன். என்னோடு பூஜைக்கு வந்திருந்த மகள் "நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி, பிளக்கைப் பிடுங்கத் திரைக்குப் பின்னால் கையை விட்டாள். உள்ளே எங்கோ பொறி தட்டியது. நெருப்பு ஈரம் போன வழியெல்லாம் போனது. அவள் கை அந்த வழியில் இருந்தது.

மச்சினன் ஸ்ப்ரே கன்னைக் கீழே போட்டுவிட்டு முதல் ஆளாக வெளியே ஓடினார். பேக்கிங் பெண்கள்தான் துணியை அவள் கையில் சுற்றி நெருப்பை அணைத்தார்கள். நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. இப்போதும் யாராவது ஸ்டவ் பற்றவைத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்தார். வருத்தம் தெரிவிக்க வந்தார் என்றுதான் நினைத்தேன்.

"ஏனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. அம்முணி அவசரப்பட்டுக் கைய விடாம இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுங்க. சூடம் காட்டறதுக்கு முன்னாடியே அக்னி வந்தது நல்ல சகுனம்னு ஜோசியர் சொல்றாருங்க." ஆப்பிளை மேசையில் வைத்துவிட்டு, "புதுசு வருதுங்க, இன்னும் பெரிசு. கை ஆறினதும் அம்முணி வந்து வெளிச்சத்த மட்டும் கூட்டிக் குடுத்தா..."

கட்டிலிலிருந்து மகள் சொன்னாள்: "அதுக்கு நான் எதுக்குங்க அங்கிள்? அந்த ஸ்ப்ரே கன்னே போதுமே."

அவருக்கு அது உறைக்கவே இல்லை. "ஆமாங்க அம்முணி" என்று தலையாட்டிவிட்டுப் போனார். அந்தக் கம்பெனிக்கு நான் திரும்பிப் போகவில்லை. ஊரில் இதைத் திருஷ்டி என்கிறார்கள். முட்டாள்தனத்துக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர்களில் இதுவும் ஒன்று.

எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். சர்க்யூட்டைச் சோதிக்க, மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே முடியைவிட மெல்லிய ஊசிமுனைகளை அதன்மேல் பிடித்து வைக்க வேண்டும் அவள். வலது கை விரல்கள் அதற்குத் திரும்புமா என்று கேட்டபோதெல்லாம் டாக்டர், "கட்டுப் பிரிச்சுப் பார்க்கலாம்" என்றே சொன்னார்.

போன வாரம் பிரித்தார்கள். புதுத் தோல் இளஞ்சிவப்பாக, யாருடைய கையோ போல இருந்தது. ஒவ்வொரு விரலாலும் கட்டைவிரலைத் தொடச் சொன்னார். தொட்டாள். ஆள்காட்டி விரல் மட்டும் பாதியில் நின்று, நடுங்கி, பிறகு தொட்டது. டாக்டர் ஒரு குண்டூசியை மேசையில் வைத்து எடுக்கச் சொன்னார். எடுத்தாள், நழுவிக் கீழே விழுந்தது.

"நுனியில உணர்ச்சி இன்னும் வரலை. முழுசா வரும்னு இப்பச் சொல்ல முடியாது. இன்னைக்கு இது போதும்."

"இன்னொரு தடவ" என்றாள். டாக்டருக்காக அடுத்த நோயாளி காத்திருந்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

நான் மேசைக்கடியில் மண்டியிட்டுத் தரையைத் தடவினேன். அந்த மச்சினனை, முதலாளியை, அவர்கள் சகுனத்தை எல்லாம் வாய்க்குள் திட்டிக்கொண்டே தேடினேன். ஊசி கிடைத்ததும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.