சூடு தெரியாத பாதங்கள்

நானும் என் கணவரும் இலங்கை அனுராதபுரத்தில் பழைமையான புத்த தூபி ஒன்றைப் பார்க்கப் போனோம். செருப்பை வெளியே விட வேண்டும். உச்சி வெயிலில் கல்தரை கொதித்தது. நான் பத்தடியில் நிழலுக்கு ஓடிவிட்டேன்.

"கால் வெந்துரும், இங்கன வாங்க" என்று அவரை அழைத்தேன்.

"ஏளா, இதெல்லாம் ஒரு சூடா? ஆறுமுகநேரி உப்பளத்துல நடந்த காலு இது" என்று சிரித்தபடி மூன்று சுற்று வந்தார்.

விடுதி அறைக்குத் திரும்பிப் பார்த்தால் இரண்டு உள்ளங்காலிலும் பெரிய கொப்புளங்கள். வலிக்கவே இல்லை என்றார். அவர் பல வருடச் சர்க்கரை நோயாளி என்பதால் பயந்துபோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். பாதங்களில் உணர்ச்சி மரத்துவிட்டது என்றும், புண்ணாகிச் சீழ் பிடிக்கும் முன் வந்ததால் தப்பித்தார் என்றும் மருத்துவர் சொன்னார்.

இப்போது கோயில்களுக்கு வெயிலுக்கு முன்பே போகிறோம். அவர் தடித்த சாக்ஸ் அணிகிறார். தினமும் அவர் உள்ளங்கால்களை நான் பார்க்கிறேன். கூச்சப்பட்டாலும் காலை நீட்டிவிடுகிறார்.