கொல்லையில் எழுந்த வீடு

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கூட்டங்களில் நாற்காலியை நகர்த்திக்கொண்டே இருப்பேன். தேநீர் வந்தால் முதலில் எழுந்து ஓடுவேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்பாள் அம்மா. அதனால்தானோ என்னவோ, மலையில் வாழும் காணிக்காரப் பழங்குடியினரின் வீடும் வைத்தியமும் பற்றிய ஆய்வில் வீடுவீடாக நடக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அந்த மழைக்காலத்தில் என் நிம்மதியைக் கெடுத்தவள் அங்கிருந்து வந்த ஒரு கர்ப்பிணி. அவள் குடியிருப்புக்கு மழை விட்டால்தான் ஜீப் போகும். முதல் குழந்தை ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் ஜீப்பிலேயே பிறந்து இறந்துபோயிருந்தது. இந்த முறை பிரசவத்துக்கு முன்பே திருவனந்தபுரத்தில் வந்து தங்கியாக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் அலுவலகம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் லாட்ஜ் அறை பிடித்துக் கொடுத்தது. மறுநாள் காலையில் போனால், கணவனும் மனைவியும் பையோடு வாசலில் நிற்கிறார்கள்.

“கக்கூஸ் ரூமுக்கு உள்ளயே இருக்கு சேச்சி. அதுக்குப் பக்கத்துல இருந்து சோறு தின்ன எனக்கு ஆகாது. நான் மலைக்கே போறேன்,” என்றாள்.

தலைமை ஆய்வாளரிடம் ஓடினேன். “அட்டாச்டு பாத்ரூம் உள்ள நல்ல ரூம். பின்னே எந்தா பிரச்சினை? ஒரு கவுன்சிலிங் கொடுங்க,” என்றார். மலையில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடுகளில், உள்ளே இருந்த கழிப்பறைகளில் விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து ‘விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதியதும் நாங்கள்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அன்று முழுக்க நாயாக அலைந்தேன். காலி அறை இருக்கிறது என்பார்கள். யாருக்கு என்று கேட்பார்கள். காணிக்காரர்களுக்கு என்றதும் சாவி தொலைந்துவிடும். சாயங்காலம் கோட்டைக்குப் பக்கத்து ஸ்ரீவராகத்தில் நான் குடியிருந்த வீட்டுக்குத் திரும்பி, கிணற்றடியில் வாளியை டங்கென்று வைத்தேன். எனக்கு மாடியை வாடகைக்கு விட்டிருந்த மாமி எட்டிப் பார்த்தாள். ஆத்திரத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“அவ சொன்னதுல என்னடீ தப்பு? படுக்கற எடத்துல அதை வெச்சுண்டு மனுஷா எப்படிச் சாப்பிடறது? என் பிள்ளை பெங்களூருக்குக் கூப்பிட்டுண்டே இருக்கான். நான் ஏன் போகலைங்கற? பின்கட்டு ரூம் சும்மாத்தானே கிடக்கு. வரச் சொல்லு.”

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. உடனே அடுத்ததையும் சொன்னாள்: “பிரசவம் ஆனா தீட்டு. அப்புறம் உள்ள வரப்படாது. இப்பவே சொல்லிட்டேன்.”

அப்போதைக்கு அது போதும் என்று தலையாட்டினேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது என்னைப் போன்ற அவசரக்குடுக்கைகளின் வேதம். அன்று இரவே கணவனும் மனைவியும் பின்கட்டில் குடியேறினார்கள்.

பெண் குழந்தை பிறந்தது. அழுகை கேட்ட பிறகுதான் நான் வராந்தாவில் நடப்பதை நிறுத்தினேன். குழந்தைக்கு எடை போதவில்லை. வீட்டுக்கு விடலாம், ஆனால் மலைக்குப் போகக்கூடாது, அடிக்கடி கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார்கள். மாமியிடம் கெஞ்சினேன், சண்டை போட்டேன். பிடித்த பிடியை அவள் விடவில்லை. “நான்தான் அன்னிக்கே சொன்னேனேடீ.” என் மாடிக்குக் கூட்டிப்போகலாம் என்றால், அதற்கும் அந்த வீட்டுக்குள்ளே புகுந்துதான் போக வேண்டும்.

வார்டில் பிள்ளை பெற்றவளிடம் இதைச் சொல்லும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளோ சாதாரணமாகக் கேட்டுக்கொண்டாள்.

“எங்க ஊர்லயும் அப்படித்தான் சேச்சி. பெத்தவ உடனே வீட்டுக்குள்ள கேற மாட்டா. அதுக்கு முன்னமே வெளியில ஒரு குடில் கட்டி வச்சிருப்பாங்க.” குழந்தையின் துணியை இழுத்துவிட்டாள். “மாமி கட்டலையா?”

எனக்கு வெட்கமாக இருந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற கணவன்தான் பேசினான்: “கொல்லையில இடம் உண்டல்லோ.”

போய்க் கேட்டோம். மாமி சமையலறைக்கும் கிணற்றுக்கும் இரண்டு தடவை நடந்தாள். “ஆத்துக்குள்ள வரப்படாதுன்னுதான் சொன்னேன். கொல்லையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே.”

சாலைக் கடைத்தெருவில் மூங்கிலும் முடைந்த ஓலையும் வாங்கி ஆட்டோவில் ஏற்றினோம். அவனும் மலையிலிருந்து வந்திருந்த அவன் தம்பியும் வேலையைத் தொடங்கினார்கள். கயிறு எடுத்துக் கொடுக்கிறேன் என்று நான் குறுக்கும் நெடுக்கும் ஓடி அவர்களுக்கு இடைஞ்சல்தான் செய்தேன். பக்கத்து வீட்டு மதில்களில் தலைகள் முளைத்தன. இருட்டுவதற்குள் குடில் எழுந்து, உள்ளே அடுப்பும் புகைந்தது. யாருக்கு எப்படி வீடு கட்டுவது என்று நாங்கள் ஆராய்ந்துகொண்டிருந்தோமோ, அவர்களே கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் கண்முன்னே ஒரு வீட்டைக் கட்டி முடித்திருந்தார்கள்.

மாமி தினமும் துவைக்கிற கல்லில் பத்தியச் சாப்பாட்டை வைத்துவிட்டு விலகி நிற்பாள். அவள் உள்ளே போன பிறகு இவள் வந்து எடுத்துக்கொள்வாள். அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாப்பாடு ஒரு வேளைகூடத் தவறியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாமியை மெச்சுவதா வைவதா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

குழந்தைக்கு எடை ஏறியது. மலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, குடிலைப் பிரிக்க அவன் கத்தியோடு போனான். மாமி பின்வாசலில் வந்து நின்றாள்.

“அது இருக்கட்டும். உங்க மலையில இன்னும் யாரு பிள்ளைத்தாச்சியா இருக்கா?”

அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஓலை நெகிழ்ந்திருந்த மூலையை இறுக்கிக் கட்டினான்.